அவற்ற பக்கத்துச் சொந்தம்

“...சொந்தம்தான், இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா என்ர பக்கம் இல்லை, செத்துப்போன மனுசன்ர பக்கம். அந்தப் பக்கத்தோட எனக்கு இப்ப ஒண்டுமில்லை. இவன் வந்து போறவன்.”

வீட்டுக்கார அன்ரி இதை முதலில் சிங்களத்தில், வாசலில் நின்ற பொலிஸ் அதிகாரிக்குச் சொன்னார். பிறகு அதையே தமிழில், ஹோலில் தேநீர்க் கோப்பையோடு இருந்த காப்புறுதிக் கொம்பனிக்காரருக்குச் சொன்னார். இருவருக்கும் நடுவில், ஒரு கொன்ஸ்டபிள் சட்டைக் கையைப் பிடித்திருக்க, குகன் நின்றான். “உங்கள் பிள்ளைதான் என்று சொல்லி ஒரு கையெழுத்து வையுங்கள், இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்” என்று அந்த அதிகாரி அப்போதுதான் சொல்லி வாய் மூடியிருந்தார். நானும் மாலினியும் சமையலறை வாசலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம்.

அடுத்து அன்ரி என்ன செய்தார் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால், நீங்கள் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அவ்வளவு லேசாக உங்களை விட எனக்கு மனமில்லை. என்னை அவர் அப்படி விடவில்லையே.

கொழும்பு வெள்ளவத்தையில் கோல் ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. சீதன வீடு. ரயில் போனால் சாமியறை விளக்கு ஆடும். நான் அட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்து, படுக்க இடம் தேடி அந்தப் படலையைத் தட்டினேன்.

“ஊர் எங்க?”

“அட்டன் பக்கம்ங்க. தோட்டம்.”

அன்ரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். “உன்னை எங்க போடுறது?”

“எங்கன்னாலும் பரவாயில்லங்க. ஒரு மூலையில பாய் போட்டுக்கிறேன்.”

“பாய் போடுறது லேசு பிள்ளை. சொந்தத்தில எங்க போடுறது எண்டெல்லோ யோசிக்கிறன்.” கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கினார். “என்ர ஒண்டுவிட்ட தம்பி ஒருத்தன் தோட்டத்தில கிளாக்கரா இருந்து அங்கேயே ஒருத்தியைக் கட்டினவன். வீட்டில அவனைத் தள்ளி வைச்சிட்டினம். அவன்ர மகள் நீ. விளங்கிச்சோ?”

“சரிங்க அத்தை.”

“அத்தை எண்டியோ, பொலிசும் பிடிக்கும் கொம்பனியும் பிடிக்கும். எங்கட ஊரில மாமி எண்டுதான் சொல்லுறது, அப்பிடிச் சொல்லு. அந்தச் ‘சரிங்க’வையும் விடு. ஓம் எண்டு சொல்லு.”

“ஓமுங்க மாமி.”

சமையலறைக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுதான் மாலினி. அன்று முதல் ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு.

அன்ரி எனக்குத் தட்டில் வேறுபாடு காட்டியதில்லை. தனிக் கோப்பை வைத்ததில்லை. நண்டுக் கறி வைத்தால் எனக்கும் ஒரு கால் வரும். அதனால் அந்த முதல் நாள் கதையில் ‘தள்ளி வைச்சிட்டினம்’ என்று ஒரு சொல் எதற்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அவர் கட்டிய எல்லாச் சொந்தத்திலும், தேவைப்பட்டால் பிரித்து எடுக்க ஒரு தளர்ந்த தையல் இருந்தது. தையல் தெரிந்த எனக்கே அது பிந்தித்தான் கண்ணில் பட்டது.

இந்தச் சொந்தம் கட்டும் வேலை எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால், கொட்டாஞ்சேனையில் இருந்து என்பேன்.

அங்கே கீழே அவர் கணவரின் அச்சுக்கூடம், மேலே வீடு. கலியாண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் அடித்து நன்றாக வாழ்ந்தார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடையும் வீடும் சேர்ந்தே எரிந்தன. அகதி முகாமிலிருந்து திரும்பியதும் கணவர் முதலில் போன இடம் காப்புறுதிக் கொம்பனி. ஒரு வருடமும் தவறாமல் கட்டியவர். கொம்பனியில் நல்ல மரியாதை. இருக்கச் சொல்லி, தேநீர் கொடுத்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு வசனத்தைக் காட்டினார்களாம். நெருப்புக்கு ஈடு உண்டு. ஆட்கள் கூடி வந்து வைத்த நெருப்புக்கு இல்லை.

“அவர் அந்த வசனத்தை வாசிச்சுப்போட்டு பஸ் ஏறி வந்தவர். சாப்பிடேல்லை. விரல் முழுக்க அச்சு மை பட்டுப்பட்டு, உலகத்தில உள்ள எல்லாக் கடதாசியையும் அடிச்சுக் குடுத்த மனுசன், தன்ர கடதாசியை ஒரு நாளும் வாசிக்கேல்லை,” என்பார் அன்ரி. “நெஞ்சடைப்பு எண்டு எழுதினவங்கள். நெஞ்சுமில்லை, நெருப்புமில்லை. அவரைக் கொன்றது ஒரு வசனம்.”

அதற்குப் பிறகு அன்ரி வாசிக்கத் தொடங்கினார். வெள்ளவத்தை வீட்டுக்கு வருடா வருடம் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, பத்திரத்தோடு ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி வரும். இந்த வருடம் எது புதிதாகச் சேர்ந்தது, எது கழன்றது என்று அதில் இருக்கும். அன்ரி ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரிப்பார். பிரித்து முடிந்ததும் எங்களை ஹோலுக்குக் கூப்பிடுவார். கூட்டம் அவ்வளவுதான்: ஒரு துண்டு, ஒரு புது வீட்டுச் சட்டம்.

“பேப்பர் மாறினால் நாங்களும் மாறவேணும்” என்பார். இது அவர் வாயில் சாமி பெயர் மாதிரி.

வீட்டுக்குள் மண்ணெண்ணெய் வைத்திருந்தால் ஈடு இல்லை என்று ஒரு வருடம் வந்தது. மறுநாளே மண்ணெண்ணெய் அடுப்பு பின்வளவு ஜம்பு மரத்துக்குக் கீழே போய்விட்டது. மின்வெட்டு நாட்களில் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்திருக்கிறோம். நீண்ட நாள் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு ஈடு இல்லை என்று இன்னொரு வருடம். அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்தில் அவருடைய அக்கா இறந்துபோனார். சண்டையால் மூடிக் கிடந்த பாதை அப்போது திறந்திருந்தது, போயிருக்கலாம். அன்ரி போகவில்லை.

“நாங்கதான் இத்தனை பேர் இருக்கிறோமே மாமி, வீட்டைப் பாத்துக்க மாட்டோமா?” என்று கேட்டேன்.

“துண்டில ‘உரிமையாளர்’ எண்டிருக்குப் பிள்ளை. நீ உரிமையாளரோ?” என்றார். பிறகு கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு, ஈரச் சேலையோடு நின்று வடக்குப் பக்கம் பார்த்து அழுதார். அழுகை உண்மைதான். போகாததும் உண்மைதான்.

சொந்தச் சட்டம் வந்தது, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்தால் அது வியாபாரம், அதற்கு ஈடு இல்லை என்று துண்டு வந்த வருடம். வெள்ளவத்தையில் அப்போது ஆள் வைக்காத வீடே கிடையாது. வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள், மலையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரு கூரை வேண்டும். அந்த ஒழுங்கையில் மற்ற வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் துண்டை வாசிக்கவே இல்லை. வாசித்த ஒன்றிரண்டு பேர் காப்புறுதியை விட்டார்கள். அன்ரி மட்டும் ஆட்களையும் விடவில்லை, காப்புறுதியையும் விடவில்லை. அப்போது இருந்தவர்களையெல்லாம் ஒரே நாளில் குடும்பமாக்கினார்; பிறகு வந்த என்னைப் போன்றவர்களை வந்த அன்றே.

வாடகை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. மாதம் பிறந்தால், சாமியறையில் இருக்கும் பால்மா பேணியில் ‘வீட்டுப் பங்கை’ நாங்களாகவே போடவேண்டும். வீட்டில் தங்கும் தமிழர் பெயரையெல்லாம் பொலிசில் பதியவேண்டும்; அந்தப் பதிவிலும் அதே சொந்தம்தான். ஞாயிறு காலை இடியப்பத்துக்கு முன் பரீட்சை.

“டேய், நீ ஆர்?”

“உங்கட தங்கச்சியின்ர மகன், பெரியம்மா.”

“எந்தத் தங்கச்சி?”

“கறுத்தது.”

“கறுத்ததோ! சுன்னாகத்துத் தங்கச்சி எண்டு சொல்லடா. இடியப்பம் இல்லை உனக்கு.”

இப்படிச் சொல்லிவிட்டு அவனுக்குத்தான் முதலில் வைப்பார். அவன்தான் குகன். கோல் ரோட்டில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்கள் கூண்டுக்குள் நின்று அழுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் யாரையாவது சிரிக்க வைக்காமல் இருக்க மாட்டான். அன்ரியின் மின்விசிறியைத் திருத்துவான், அரிசி மூட்டை தூக்குவான். நண்டில் பெரிய கால் அவனுக்கு. பிள்ளை இல்லாத அன்ரி அவனை வாசலில் காணும்வரை சாப்பிடமாட்டார்.

யாராவது விசா கிடைத்து விமான நிலையத்துக்குப் புறப்பட்டால் வீடே கோயில் மாதிரி ஆகிவிடும். அன்ரி விபூதி பூசி, படலை வரை போய், கண்ணுக்கு மறையும் மட்டும் நிற்பார். பிறகு திரும்பி வந்து, ஹோலைக் கூட்டுகிற தும்புத்தடியைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டுவார். பிளேன் ஏறியாச்சு என்று கோல் வரும் வரைக்கும் வீட்டில் ஒருவரும் கூட்டக்கூடாது.

நான் ஒருநாள் தெரியாமல் ஒரு கடதாசித் துண்டைக் காலால் ஒதுக்கப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டேன். “போன ஆளின்ர காலடி வாசல்ல கிடக்கேக்க கூட்டுறியோ? பிரேதம் எடுத்த வீட்டிலதானடி உடனே கூட்டுறது! உன்ர தோட்டத்தில இதுகளெல்லாம் சொல்லித் தரேல்லையோ?”

எங்கள் தோட்டத்திலும் அதே வழக்கம்தான். அவர் பயத்தைப் பார்த்து, அந்தக் கடதாசியைக் கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

மாலினிக்கும் குகனுக்கும் இடையில் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது. அன்ரிக்குத் தெரிந்தால் இருவரையும் பெட்டியோடு ஒழுங்கையில் விடுவார் என்று பயந்து செத்தோம். ஏனென்றால் மாலினியும் சட்டப்படி அவருடைய தங்கச்சி மகள். இரண்டு தங்கச்சிகளின் பிள்ளைகள். பொலிஸ் பதிவில் அண்ணன் தங்கச்சி.

அன்ரி கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. இருவரையும் ஹோலில் நிற்கவைத்து, அகராதியை மடியில் வைத்திருப்பவர் மாதிரி நெடுநேரம் யோசித்தார்.

“சகோதரங்கள் ரெண்டும் செய்யிற வேலையோ இது?” என்றார்.

மாலினி அழத் தொடங்கினாள்.

“அழாதை. அழுதால் பதிவு மாறுமோ? குகன், நீ இண்டையிலிருந்து என்ர பக்கம் இல்லை. அவற்ற பக்கம். செத்துப்போன என்ர மனுசன், அவற்ற தங்கச்சியின்ர மகன். அப்ப இவள் உனக்கு மச்சாள். இனி என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடாதை, மாமி எண்டு கூப்பிடு. நாளைக்குப் பொலிசுக்கு நானே போறன். வயசு போட்டுது மாத்தையா, பக்கத்தை மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுறன்.”

குகன் வாய் பிளந்து நின்றான். “தங்கச்சியை ஒரு ராத்திரியில மச்சாளாக்கின ஆள் உலகத்தில நீங்கள் ஒராள்தான்... மாமி.”

“பேப்பர் மாறினால் நாங்களும் மாறவேணும். போய்க் கையைக் கழுவு, பாயாசம் இருக்கு.”

அன்று அந்த வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு. அதை நினைத்தால்தான் எனக்கு வாய் கசக்கிறது.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு தையல் கடை இருக்கிறது. எங்கள் வர்த்தகச் சங்கத்துக்கு அவ்வப்போது ஒருவர் வந்து, யாருக்கும் அடங்காமல் தன் வழியில் போய் வென்ற முதலாளிமாரைப் பற்றிப் பேசுவார். எல்லோரும் போகிற பாதையில் போகாதே, சட்டத்தை உனக்கு வேலை செய்ய வை, இப்படி. எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். நான் பேனா எடுப்பதில்லை. இதையெல்லாம் ஜம்பு மரத்துக்குக் கீழே குடை பிடித்தபடி நான் படித்துவிட்டேன். வேலைக்கு வரும் பிள்ளைகளை முதல் நாளே வீட்டு ஆளாக்குவது, கேட்காமல் அவர்களாகவே பொறுப்பை எடுக்க வைப்பது, எல்லாம் அன்ரி தந்த வியாபாரம்தான். ஒன்றை மட்டும் நான் எடுக்கவில்லை. என் கடைப் பிள்ளைகள் யாரும் என்னைச் சொந்தம் சொல்லிக் கூப்பிட நான் விடுவதில்லை. மிஸ் என்றால் போதும்.

கடைசியாக வந்த துண்டு குண்டைப் பற்றியது. கொழும்பில் மறுபடியும் குண்டுகள் வெடிக்கத் தொடங்கியிருந்த காலம். குண்டுச் சேதத்துக்கு இனித் தனியாகக் கட்டவேண்டும் என்றிருந்தது. அன்ரி கட்டினார். அதற்குக் கீழே இன்னொரு வசனம் இருந்தது. வீட்டாரில் யாராவது குண்டுச் சந்தேகத்தில் பிடிபட்டிருந்தால், கட்டியிருந்தாலும் ஈடு இல்லை. அன்ரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “ஒருத்தரும் கோல் ரோட்டில வாய் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது. கடையால நேர வீடு. விளங்கிச்சோ?” என்றார். குகன் “ஓம் மாமி” என்றான்.

அது வெடித்தது ஒரு மத்தியானம். எங்கள் ஒழுங்கை முனையில். முன்பக்க ஓடு முழுக்கப் போய், ஹோல் யன்னல்கள் உள்ளே வந்து விழுந்தன. ஒருவருக்கும் உயிர்ச் சேதமில்லை. பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்த அன்ரி, கத்தியோடு எழுந்து வந்து சொன்ன முதல் வார்த்தை: “கண்ணாடியில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. கொம்பனி ஆள் வந்து பாக்கவேணும்.”

அந்த வாரம் முழுக்க நாங்கள் வீட்டுக்குள் செருப்போடு நடந்தோம். கால் வைத்தால் நொறுங்கும் சத்தம். சாமியறைக்குப் போகக்கூட ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் போகவேண்டும்.

குகனைப் பிடித்ததும் அதே வாரம்தான். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்த ஆண்பிள்ளைகளைக் கோல் ரோட்டில் கடை கடையாகப் பிடித்துப் பொலிஸ் வண்டியில் ஏற்றினார்கள். அன்ரி கடையிலிருந்து வீட்டுக்கு நேராக வரச் சொன்னார், அவன் கடையிலேயே பிடிபட்டான்.

மாலினி அன்ரியின் காலைப் பிடித்தாள். “பெரியம்மா, ஸ்டேசனுக்குப் போய் எங்கட பிள்ளைதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வீட்டுக்காரர் வந்து சொன்னால் விடுகினமாம். அடுத்த ஒழுங்கைப் பெடியனை விட்டிட்டினம்.”

“போவம் பிள்ளை. கொம்பனி ஆள் வந்து போகட்டும்.”

“அதுக்குள்ள அடிச்சுக் கொன்றுபோடுவாங்கள்!”

“எனக்கு வாய் ரெண்டில்லை. ஸ்டேசனில ஒண்டு சொல்லி, கொம்பனிக்கு ஒண்டு சொல்லேலாது. கூரையில்லாமல் நாங்கள் எல்லாரும் எங்க போறது? நீ போவியோ ஊருக்கு?”

அன்றைக்கு நண்டு இல்லை, கறியே இல்லை. அன்ரி வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, சாப்பிடாமல் காகத்துக்கு வைத்தார். அவனுக்காக அவர் தவிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தவித்தார். தவித்துக்கொண்டே காத்திருந்தார்.

கொம்பனிக்காரர் வந்தார். கழுத்துப்பட்டி, நல்ல பேச்சு. எல்லா அறையும் பார்த்தார், யன்னல் அளந்தார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அன்ரி எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். நான் “ஓம் சேர், இவ எங்கட மாமி” என்று சுத்தமாகச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது.

குகன் கொடுத்த விலாசம் சரியா என்று பார்க்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். “மாமி வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறான். அந்த அதிகாரியும் கெட்டவர் இல்லை. “இவர் உங்கள் ஆளா அம்மா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். குகனின் ஒரு கண் வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் அன்ரியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொம்பனிக்காரர் கேட்டார்: “இவர் ஆர்? இந்த வீட்டாரோ, வாடகைக்கு இருக்கிறவரோ?”

வாடகைக்கு என்றால் வீடு வியாபாரம், ஈடு இல்லை. வீட்டார் என்றால் சந்தேகத்தில் பிடிபட்ட ஆள், ஈடு இல்லை. அன்ரி இரண்டு வசனங்களுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு விரல் இடைவெளியைக் கண்டார். பாயாசம் வைத்த அன்றைக்கு அவரே உண்டாக்கிய இடைவெளி. அவற்ற பக்கம். வந்து போறவன்.

“மாமி,” என்றான் குகன். அவ்வளவுதான் சொன்னான்.

“பெரியம்மா!” என்று மாலினி என் கையை உதறிவிட்டு ஓடினாள். அன்ரி திரும்பாமலே கையை நீட்டி அவளை மறித்தார்.

அதிகாரி தோளைக் குலுக்கினார். குகனை ஜீப்பில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டு மாலினி ஏறாத படி இல்லை. அந்த வீட்டுக்குப் புது ஓடு வந்தது, புது யன்னல் வந்தது. அவன் வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நிமிடத்தில் ஜீப் இன்னும் ஒழுங்கைக்குள்தான் நின்றது, திருப்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது. கம்பிக்குப் பின்னால் அவன் முகம் எங்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

“எல்லாம் பாத்து முடிஞ்சுதோ?” என்று அன்ரி கொம்பனிக்காரரைக் கேட்டார்.

“முடிஞ்சுது அம்மா. இனி நீங்கள் துப்புரவாக்கலாம்.”

அன்ரி தன் அறைக்குள் போனார். தும்புத்தடியோடு வந்து, குகன் நின்ற இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.